சர்டிஃபிகேட் பதினொன்று, புராஜெக்ட் பூஜ்யம்

சென்னை ஓ.எம்.ஆரில் ஃப்ரெஷர்களுக்கு இன்டர்வியூ எடுக்கும் வேலை வருடாவருடம் என் தலையில் விழும். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். அதனால் ரெஸ்யூமேயில் தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று கண்ணில் பட்டால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்குவேன். அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் ஒரே கதைதான். ஆன்லைன் கோர்ஸ் சர்டிஃபிகேட் பதினொன்று இருக்கும். "புராஜெக்ட் என்ன செய்தீங்க?" என்று கேட்டால் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம் அல்லது ஷாப்பிங் கார்ட். அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த முப்பது பேர் காட்டியதும் அதேதான். யாரோ ஒருவர் வீடியோவில் டைப் செய்ததைப் பார்த்து முப்பது பேரும் டைப் செய்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். குறுவை நாற்றை 25 நாளுக்கு மேல் நாற்றங்காலிலேயே விட்டு வைத்தால் என்ன ஆகும்? பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். பறித்து நட்டால் தூர் கட்டாது. கோர்ஸ் மேல் கோர்ஸாகப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். எந்த டூல், எங்கே படிப்பது, எதை நடுவது என்று கீழே எழுதியிருக்கிறேன். சீட் ஒன்று, ஆள் முந்நூறு என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. டூல் நாலு போதும்

விஎஸ் கோட், பைதான், கிட், எஸ்க்யூலைட். நான்கும் இலவசம். ஜாவா கேட்கும் கம்பெனிக்குக் குறி வைத்தால் பைதான் இருக்கும் இடத்தில் ஜாவாவைப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற மூன்றும் மாறாது. எஸ்க்யூலைட்டைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இப்போது ஓடிக்கொண்டிருப்பதே அதுதான். இன்ஸ்டலேஷன் தலைவலி கிடையாது, முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஜாயின், குரூப் பை, இன்டெக்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே பழகிவிடலாம்.

"லேப்டாப் ஸ்லோ சார்" என்பது அடுத்த புகார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப்பை அண்ணன், தம்பி, தங்கை என்று மூன்று பேர் ஓட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். அதில் விண்டோஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். லினக்ஸ் மின்ட் அல்லது லுபுண்டு போடுங்கள். 4 ஜிபி ரேமில் மேலே சொன்ன நான்கும் ஓடும். டெர்மினலைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பது இதில் கிடைக்கும் இலவச லாபம். கம்பெனி சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ்தான். முதல் வாரமே அதில் கையை வைக்கத் தெரிந்த ஃப்ரெஷரை டீம் லீட் மறக்க மாட்டார்.

2. கிட்: முதல் நாளே

என் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஃபோல்டர்களின் பெயர்கள்: ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் லேட்டஸ்ட், ஃபைனல் லேட்டஸ்ட் ஒரிஜினல். கிளையன்ட் டெமோ அன்று ஃபைனல் 2-ஐத் திறந்துவிட்டேன். முந்தின வாரம் சரிசெய்த பிழை திரையில் அப்படியே நின்றது. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டெமோவுக்கு என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை எழுதியதே லினக்ஸ் கெர்னல் கோடில் ஆயிரக்கணக்கானவர்களின் கை ஒரே நேரத்தில் படுவதைச் சமாளிக்கத்தான். உங்களுக்கு முதலில் ஆட், கமிட், புஷ், புல், பிராஞ்ச் போதும். ஒரு வார வேலை. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கி, நீங்களே தீர்த்துப் பாருங்கள். இன்டர்வியூவில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி அது.

ஒரு ரகசியமும் சொல்கிறேன். கிட்ஹப் லிங்க் கொடுத்தால் நான் முதலில் திறப்பது கோடை அல்ல, கமிட் ஹிஸ்டரியை. நாற்பது ஃபைலும் இன்டர்வியூவுக்கு முந்தின இரவு பதினொரு மணிக்கு ஒரே கமிட்டில் ஏறியிருந்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். மூன்று மாதமாக வாரம் நாலு கமிட், ஒவ்வொன்றிலும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி இருந்தால், அந்த ஆள் வேலை பார்க்கிற ஆள். 'அப்டேட்', 'அப்டேட் 1' என்று எழுதுவது வரியில் சேராது.

3. எங்கே படிப்பது

கான்செப்ட் தமிழில், டாக்குமென்டேஷன் ஆங்கிலத்தில். இதுதான் நான் சொல்லும் ரூல்.

தமிழில் ஒன்றும் இல்லை என்று இன்னும் சொல்லித் திரிபவர்கள் தேடிப் பார்க்காதவர்கள். கணியம் இதழ் 2012-லிருந்து வருகிறது. அதன் வழியாக வந்த 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்கள் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைதான் என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கின்றன, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் வீடியோக்களில் பல தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னது, பார்த்துக்கொண்டே கூடவே செய்யும்படி அமைத்திருப்பார்கள். ஐஐடி மெட்ராஸ் அரவணைப்பில் வளர்ந்த குவி தமிழில் கோடிங் சொல்லிக்கொடுத்தே பெரிய கம்பெனியானது. அரசின் நான் முதல்வன் திட்டம் 2022-லிருந்து ஓடுகிறது. உங்கள் காலேஜ் போர்ட்டலில் அது என்னென்ன கோர்ஸைத் திறந்துவிட்டிருக்கிறது என்று ஒரு தரமாவது முழுதாகப் பாருங்கள். பாதிப் பேர் அட்டெண்டன்ஸுக்காக மட்டும் லாகின் செய்கிறார்கள்.

ஆங்கிலப் பக்கம் ஹார்வர்டின் சிஎஸ்50, ஃப்ரீகோட்கேம்ப், வெப் டெவலப்மென்டுக்கு எம்டிஎன் என மூன்றும் தரமானவை. அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம் போன்ற அடிப்படைகளுக்கு என்பிடெல். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. வீடியோ இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம். அது சென்டருக்கு நேரில் போய் எழுதும் பரீட்சை என்பதால் அந்தச் சர்டிஃபிகேட்டை நான் மதிப்பேன். வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினாலும் கிடைக்கிற பேப்பர் உங்கள் அம்மா ஃப்ரேம் போட்டு மாட்ட மட்டும் உதவும்.

இத்தனையும் பட்டியல் போட்டது எல்லாவற்றையும் பார்க்க அல்ல. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எடுங்கள், 25 நாளில் மூடுங்கள். புரியாத பாதியைப் புராஜெக்ட் புரியவைக்கும். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு மாட்டி அறுபதாயிரம் கேட்கும் இடங்களுக்குப் போகும் முன், அந்தப் பணத்துக்கு ஒரு மா நிலத்தில் எத்தனை போகம் உழைக்க வேண்டும் என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.

டெல்டாவுக்கென்றே ஒரு டிப்ஸ்: ஆஃப்லைனில் எல்லாம் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்துவிட்டுப் போன பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். டெவ்டாக்ஸ், ஸீல் இரண்டிலும் மொழிக் கையேடுகளை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். நெட் போனால் வேலை நிற்கிறது என்பவனுக்கும், கையேட்டைத் திறந்து மேலே போகிறவனுக்கும் உள்ள தூரம் ஆஃபீஸிலும் தெரியும்.

4. உங்கள் ஊர் டேட்டாவை எடுங்கள்

நீடாமங்கலத்திலிருந்து வந்த பெண் ஒருத்தியின் புராஜெக்டை இன்னும் மறக்கவில்லை. தலைப்பு: மேட்டூர் கணக்கு. தினமும் பேப்பரில் வருமே, நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று. அவள் தாத்தா காலையில் காபிக்கு முன் வாசிப்பது அதைத்தானாம். அந்த எண்களை நாள்தோறும் எஸ்க்யூலைட்டில் ஏற்றியிருந்தாள். அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் இன்னொரு லைப்ரரி மேனேஜ்மென்ட்தான். அடுத்து அவள் கேட்ட கேள்விதான் வேலையை வாங்கிக்கொடுத்தது: "பேப்பரில் சொல்கிற இருப்பு சரியா?"

கணக்கு இதுதான். கனஅடி என்பது விநாடிக்கு. ஒரு நாளில் 86,400 விநாடி. டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி. வரத்து 20,000, வெளியேற்றம் 10,000 என்றால் நிகரம் 10,000. அது ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்தால் 86.4 கோடி கனஅடி, அதாவது 0.864 டி.எம்.சி. அணையில் கூட வேண்டும். மறுநாள் பேப்பரில் எவ்வளவு கூடியிருக்கிறது? வித்தியாசம் இருந்தால் ஏன்? வரத்து இடையில் மாறியிருக்கலாம், ஆவியாகியிருக்கலாம், எண்ணை முழுதாக்கி எழுதியிருக்கலாம். அவள் வித்தியாசத்தைத் தனியாக ஒரு காலமில் வைத்து, பெரிதாக விலகிய நாட்களைச் சிவப்பில் காட்டினாள். "இந்தப் பதினாலு நாளுக்கு எனக்குக் காரணம் தெரியலை சார்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே செலக்ட் செய்திருப்பேன். தெரியாததை எண்ணி வைத்திருக்கிறவள் புரொடக்ஷனில் தூங்க மாட்டாள்.

ஓ.எம்.ஆரில் பிறந்து வளர்ந்தவனால் இந்தப் புராஜெக்டை யோசிக்க முடியாது. அவனுக்கு டி.எம்.சி. ஒரு செய்தி வார்த்தை. உங்களுக்கு அது ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா, குறுவை உண்டா, இல்லை நேரே சம்பாவா என்கிற வீட்டுப் பேச்சு. உங்கள் அட்வான்டேஜ் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகங்கள், நாட்கள், நடவுத் தேதி, அறுவடைத் தேதி என்று ஒரு பிளானர் போடலாம். பூச்சந்தை விலை, மார்க்கெட் விலை எதுவானாலும் சரி. டேட்டா உங்களுக்குப் புரிய வேண்டும், தப்பு வந்தால் கண் உடனே பிடிக்க வேண்டும்.

கால அளவு வையுங்கள். ஆடுதுறை 43 ரகம் 110 நாளில் அறுவடை. உங்கள் புராஜெக்டுக்கும் அதுவே கெடு. 25 நாள் அடிப்படை. அடுத்த 50 நாள் ஒழுங்கற்ற, ஆனால் ஓடுகிற வெர்ஷன். மீதி நாளில் டெஸ்ட், ரீட்மீ, வேறு ஒருவர் மெஷினில் ஓட்டிப் பார்ப்பது. ரீட்மீயில் மூன்று விஷயம்: இது என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் வேலை செய்யவில்லை. மூன்றாவதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

5. எரர் மெசேஜைப் படியுங்கள்

அதே மேட்டூர் டேட்டாவை நீங்கள் ஏற்றும்போது முதல் மணி நேரத்திலேயே பைதான் முறைக்கும். வேல்யூ எரர். பத்து வரி சிவப்பாக வரும். எல்லோரும் மேலிருந்து படிக்கத் தொடங்கி, பயந்து, முழுசையும் காப்பி செய்து எங்காவது ஒட்டுவார்கள். கடைசி வரியிலிருந்து படியுங்கள். '12,500' என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்று அது தெளிவாகச் சொல்லும். காற்புள்ளிதான் வில்லன். அதை நீக்கிவிட்டு மாற்றினால் தீர்ந்தது. நாளைக்கு எண்ணுக்குப் பதில் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பார்கள், அப்போது என்ன செய்வது? பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் ஆற்றில் தண்ணீரே வரவில்லை என்று ஆகிவிடும். 'தெரியாது' என்று தனியாக வைக்க வேண்டும். இந்த இரண்டையும் இன்டர்வியூவில் கதையாகச் சொல்லத் தெரிந்தால் 'எக்செப்ஷன் ஹேண்ட்லிங் என்றால் என்ன' என்று யாரும் உங்களை டெஃபினிஷன் கேட்க மாட்டார்கள்.

6. தமிழையும் ஸ்கில்லாக எழுதுங்கள்

'தஞ்சாவூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து. பைதானிடம் நீளம் கேளுங்கள், ஒன்பது என்று சொல்லும். யூனிகோடில் புள்ளியும் துணைக்காலும் ஊகாரக் குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் வந்த வினை. இது தெரியாதவர் எழுதிய ஆப்பில் தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைதான் லைப்ரரி எழுத்துகளைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கும். தமிழிலேயே கோட் எழுத எழில் என்ற மொழியை உருவாக்கியவரும் அவர்தான். இரண்டின் சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்பினாலும் உங்கள் பெயரில் ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு ஒன்று ஏறும். பேங்க் ஆப், அரசு போர்ட்டல், குரல் உதவி என்று தமிழ் தேவைப்படாத இடம் இனி குறைவு. வேலை கேட்டு நிற்கும் முந்நூறு பேரில் இதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

தனியாகச் செய்யச் சோம்பலாக இருந்தால் லினக்ஸ் பயனர் குழு ஒன்றில் சேருங்கள். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அப்படிச் சுறுசுறுப்பான குழுக்கள் இருக்கின்றன. நம் ஊர்களைவிட அவ்வளவு பெரிய ஊர்களா அவை? பக்கத்தில் குழு இல்லையென்றால் நீங்களே ஒன்று தொடங்குங்கள்.

7. ஏஐ: எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், அதனால் அது உங்கள் அட்வான்டேஜ் அல்ல

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. கோபைலட் அதற்கும் முன்பே வந்துவிட்டது. பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல நான் பழைய வாத்தியார் இல்லை. ஆஃபீஸில் நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். என் ஃபார்முலா: முதல் அரை மணி சொந்த மூளை. பிறகு ஏஐயிடம் கேளுங்கள். அது கொடுத்ததில் ஒரு வரி புரியவில்லை என்றாலும் உங்கள் ஃபைலில் ஒட்டாதீர்கள். இன்டர்வியூவில் நான் செய்வது சுலபமான காரியம். கேண்டிடேட்டின் கோடையே திரையில் போட்டு, "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். சொந்தமாக எழுதியவர் யோசிப்பார். ஒட்டியவர் என் முகத்தைப் பார்ப்பார்.

8. ரவுண்டுக்கு ரவுண்ட் வேறு ஆட்டம்

முதல் ரவுண்ட் ஆன்லைன் டெஸ்ட். அதற்கு ஹேக்கர்ரேங்க், லீட்கோட். ஹேக்கர்ரேங்கை உருவாக்கிய இருவரும் துவாக்குடி என்.ஐ.டியில் படித்தவர்கள். தஞ்சாவூரிலிருந்து திருச்சி பஸ் ஏறினால் வழியில் பார்க்கும் அதே கேம்பஸ்தான். தினம் இரண்டு கணக்கு, டைமர் வைத்து. அதற்கு மேல் வேண்டாம்.

ஆப்டிட்யூடைக் கேவலமாக நினைக்காதீர்கள். நம் ஊர் ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கைவிட்டதில் கும்பகோணம் காலேஜில் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு அவரைக் கண்டுகொள்ள ஹார்டி என்ற கணிதப் பேராசிரியர் கிடைத்தார். உங்களுக்கும் எனக்கும் ஹார்டி வர மாட்டார், கட்-ஆஃப் மார்க்தான் வரும்.

சோஹோ மாதிரி இடங்களில் கன்சோல் அப்ளிகேஷன் ரவுண்ட் பிரபலம். கால் டாக்ஸி புக்கிங், ரயில் டிக்கெட் என்று ஒன்றைக் கொடுத்து, சில மணி நேரத்தில் ஓடவைக்கச் சொல்வார்கள். பழகுவதற்கு நெல் கொள்முதல் நிலையத்தை எடுங்கள். விவசாயி, டோக்கன், மூட்டை, எடை, ஈரப்பதம், பணம். 40 கிலோ மூட்டை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். பெரும்பாலோர் 17 என்ற எண்ணைக் கோடுக்குள் பத்து இடத்தில் நேராக எழுதிவிடுவார்கள். அறுவடையில் மழை பிடித்தால் வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும், சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்த்தியும் இருக்கிறது. அன்றைக்குப் பத்து இடத்தையும் தேடித் திருத்துவீர்களா? விதியைத் தனியாக ஒரு இடத்தில் வையுங்கள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டிசைன் என்று புத்தகம் முந்நூறு பக்கத்தில் சொல்வதில் பாதி இதுதான்.

"நான் ட்ரிபிள்இ, எனக்கு ஐடி செட் ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் தஞ்சாவூர் சண்முகாவில், இன்றைய சாஸ்த்ராவில், படித்தது ட்ரிபிள்இதான். அந்தக் கம்பெனி 2021-ல் நாஸ்டாக்கில் லிஸ்ட் ஆனது. அடுத்த கேள்வி.

9. பார்வைக்கு எப்படி இருக்கிறீர்கள்

ஸ்கூலில் ஆரம்பித்த ஈமெயில் ஐடியில் நடிகர் பெயர் இருந்தால் புதிதாக ஒன்று தொடங்குங்கள். வீடியோ இன்டர்வியூவுக்குப் போனிலும் அதே லிங்கைத் தயாராக வையுங்கள். கரண்ட் போனால் ஒரு நிமிடத்துக்குள் ஹெச்ஆருக்கு மெசேஜ். பின்னால் டிராக்டர் ஓடினால் பரவாயில்லை, நீங்கள் பதறாதீர்கள். உங்கள் புராஜெக்டைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசிப் போனில் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். முதல் தடவை கேட்கச் சகிக்காது. பத்தாவது தடவை சரியாகும். அழகான ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை. தெளிவு போதும்.

10. ஊரிலேயே வேலையா?

தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ ஐ.டி. பார்க் 2024 செப்டம்பரில் திறந்தாயிற்று, சுமார் 55,000 சதுர அடி. திருச்சி நவல்பட்டில் எல்காட் பார்க் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. வாய்ப்பு கூடும். ஆனால் முதல் ரவுண்டிலேயே "ஒர்க் ஃப்ரம் ஹோம் உண்டா சார்? தஞ்சாவூரில் பிராஞ்ச் இருக்கா?" என்று கேட்டால், வேலை பிடிக்காமல் வந்தவர் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு லொகேஷன் கேளுங்கள். மறுத்தால் ஒரு வருடம் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து, நீங்கள் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். பிறகு மேனேஜரிடம் தேதியோடு போங்கள்: "பொங்கலிலிருந்து மூன்று மாதம் ஊரிலிருந்து பார்க்கிறேன், டெலிவரி குறைந்தால் திரும்பி வந்துவிடுகிறேன்." என் டீமில் இப்படிக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் இப்போது பாபநாசத்தில் உட்கார்ந்துதான் லாகின் செய்கிறார். இன்னொருவருக்கு நான் முடியாது என்றேன். அவருடைய டிக்கெட்டுகள் வாரக் கணக்கில் பெண்டிங்.